லோக்கல் ரயிலைத் தனியார் ஓட்டினால் யாரிடம் போய்க் கேட்பது?

டோம்பிவிலி_பாஸ்ட்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் லோக்கல் ரயில் டப்பாவில் (பெட்டியில்) பத்து நாளாக ஒரே பேச்சு. லோக்கலுக்குத் திட்டம் போட்டு வண்டி வாங்கும் அரசு நிறுவனமான மும்பை ரயில்வே விகாஸ் கார்ப்பரேஷன் 238 ஏசி வண்டிகளுக்கு டெண்டர் விட்டது தெரிந்திருக்கும். வண்டி செய்து தருகிற கம்பெனியே 35 வருடம் அதைப் பராமரிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. "இன்று பராமரிப்பு, நாளை ஓட்டுவதும் அவர்கள்தான்" என்று ஒரு பக்கம். "ஓட்டட்டுமே, இப்போது மட்டும் என்ன வாழ்கிறது" என்று இன்னொரு பக்கம். தாணே தாண்டுவதற்குள் குரல் ஏறிவிடுகிறது.

நான் 22 வருடமாக டோம்பிவிலியிலிருந்து சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) போய் வருகிறவன். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா வளைவில் இரண்டு வண்டிகள் கடந்தபோது, வாசலில் நின்றவர்கள் 13 பேர் விழுந்தார்கள். உயிர் போனவர்களும் அதில் உண்டு. அந்த வளைவை நான் தினமும் இரண்டு தடவை கடக்கிறேன். அதனால் எனக்கு இது கொள்கை விவாதம் இல்லை. 2023-ல் மட்டும் மும்பை லோக்கல் பாதையில் இறந்தவர்கள் 2,590 பேர், அதாவது நாளுக்கு ஏழு பேர். மனிதர்களைக் கால்நடைபோல ஏற்றிச் செல்வது வெட்கக்கேடு என்ற பொருளில் உயர் நீதிமன்றமே 2024-ல் கடிந்துகொண்டது.

என் கேள்வி இதுதான்: தனியாரிடம் கொடுத்தால் இந்த எண்ணிக்கை குறையுமா? குறையாவிட்டால் யாரைப் பிடித்துக் கேட்போம்? பாஸ் வைத்திருப்பவர்கள் பேசுங்கள்.

வாஷி_வெங்கட்

நான் ஆதரவு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிக்கெட்டின் மேல் ரயில்வேயே அச்சடித்த வாசகம் நினைவிருக்கிறதா? பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் கட்டணமாகத் திரும்பி வருகிறது என்று போட்டிருப்பார்கள். நம் லோக்கலில் அந்தப் பள்ளம் இன்னும் பெரிது. மாத பாஸ் ஏறத்தாழ 15 தடவை போகிற டிக்கெட் விலைதான். 50 தடவை போகிறோம். இப்படி நஷ்டத்தில் ஓடுகிற சேவையில் யார் மனமுவந்து முதலீடு செய்வார்கள்?

ஜப்பானில் 1987-ல் தேசிய ரயில்வேயைப் பிரித்துக் கம்பெனிகளாக்கினார்கள். இன்று டோக்கியோவில் ஸ்டேஷனுக்கு மேலேயே கடை, அலுவலகம், ஹோட்டல், எல்லாவற்றிலும் வருமானம். ஹாங்காங்கில் ரயிலோடு சேர்த்து நிலத்தையும் கொடுத்து வளர்த்தார்கள். தாதரிலும் குர்லாவிலும் ரயில்வே நிலத்தின் மதிப்பு என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், இந்த ரயிலே தனியார் போட்டதுதான். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் வண்டியை ஓட்டியது கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே என்ற கம்பெனி.

சிக்னல்காரர்_கல்யாண்

வெங்கட் தம்பி, நான் சிக்னல் பிரிவில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். வரலாற்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்தக் கம்பெனி தன் பணத்தைப் பணயம் வைத்து ரயில் போடவில்லை. போட்ட முதலுக்கு 5 சதவீதம் வருமானம் உறுதி என்று அரசு எழுதிக் கொடுத்திருந்தது. லாபம் குறைந்தால் மீதியை இந்திய வரிப்பணத்திலிருந்து கட்டினார்கள். செலவைக் குறைக்கக் கம்பெனிக்கு ஒரு காரணமும் இல்லை. ரயில்வே நிர்வாகத்தை ஆராய்ந்த ஆக்வொர்த் குழு 1921-ல் அறிக்கை கொடுத்தபோது அரசே நிர்வகிக்க வேண்டும் என்று சொன்னது. 1925-ல் அந்தக் கம்பெனி அரசு கைக்கு வந்தது. அதே வருடம் பிப்ரவரி 3 அன்றுதான் விக்டோரியா டெர்மினஸிலிருந்து (இன்றைய சிஎஸ்எம்டி) குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார வண்டி ஓடியது.

ஜப்பானில் பிரித்தபோது பழைய கடன் 37 லட்சம் கோடி யென். அதில் பெரும்பகுதியைப் புதுக் கம்பெனிகள் தலையில் வைக்கவில்லை, மக்கள் பணத்தில் அடைத்தார்கள். ஹாங்காங் ரயிலில் பெரும்பங்கு இன்றும் அரசிடம்தான் இருக்கிறது. இரண்டும் நல்ல ரயில்கள்தான், நான் குறை சொல்லவில்லை. அரசு விலகிக்கொண்டதால் அவை நன்றாக ஓடுகின்றன என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். வண்டி ஏன் கூடவில்லை? பாதை இல்லை. ஒரே தண்டவாளத்தில் மெயில், எக்ஸ்பிரஸ், சரக்கு, லோக்கல் எல்லாம் போனால் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு வண்டிக்கு மேல் விட முடியாது. தாணே முதல் திவா வரை ஐந்தாவது ஆறாவது பாதைக்கு 2008-ல் அனுமதி. திறந்தது 2022 பிப்ரவரியில். பத்து கிலோமீட்டர்கூட இல்லாத தூரம். நிலம், குடிசைகளை மாற்றி அமர்த்துவது, கழிமுகத்தில் பாலம், ஓடுகிற பாதையில் பிளாக் எடுத்து, அதாவது வண்டிகளைச் சிறிது நேரம் நிறுத்திவைத்து, வேலை செய்வது. வேலையை எடுத்தவர்கள் தனியார் காண்ட்ராக்டர்கள்தான். அவர்கள் கையிலும் இந்த முடிச்சுகள் அவிழவில்லை.

மீனாட்சி_முலுண்ட்

வணக்கம். பாஸ் பற்றி வெங்கட் சார் எழுதியதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

2014 ஜூனில் கட்டணம் ஏற்றியபோது மாத பாஸை 15 தடவைக்குப் பதில் 30 தடவைக் கணக்கில் போடப் பார்த்தார்கள். ஒரே அடியில் இரட்டிப்பு. சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். ஏன்? மும்பை முழுவதும் கொதித்தது, அடுத்து சட்டமன்றத் தேர்தலும் இருந்தது. ஓட்டுப் போட்டவர்கள் கேட்டார்கள், அமைச்சர் இறங்கி வந்தார். ஒரு கம்பெனி கையில் ஒப்பந்தம் இருந்திருந்தால் அமைச்சர் நினைத்தாலும் இறங்க முடியுமா?

என்னோடு லேடீஸ் டப்பாவில் வருகிற ஒரு அம்மா அம்பர்நாத்திலிருந்து காட்கோபர் வந்து நான்கு வீட்டில் வேலை செய்கிறார். பாஸ் இரட்டிப்பானால் அவர் காட்கோபரை விட்டுவிட்டு அம்பர்நாத்திலேயே குறைந்த சம்பளத்துக்கு வேலை தேடுவார். அதை எந்தக் கம்பெனிக் கணக்கிலும் நஷ்டம் என்று எழுத மாட்டார்கள்.

நமக்குக் கண்முன்னாலேயே உதாரணம் இருக்கிறதே. வெர்சோவா காட்கோபர் மெட்ரோ, 11.4 கிலோமீட்டர். ரிலையன்ஸ் இன்ஃப்ரா பெரும்பங்கோடு 2014 ஜூன் 8 அன்று திறந்தது. ஒப்பந்தத்தில் 9 முதல் 13 ரூபாய் என்று இருந்த கட்டணத்தை, செலவு கூடிவிட்டது என்று 10 முதல் 40 ஆக்கினார்கள். அப்புறம் கட்டணக் குழு 110 ரூபாய் வரை போகலாம் என்றது. 2017 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்த பிறகுதான் மூச்சு வந்தது. வண்டி நன்றாக ஓடுகிறது, நானும் போகிறேன். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதிய கட்டணம் முதல் நாளே நிற்கவில்லை என்பதை மறக்க முடியவில்லை.

துவாரகா_தமிழன்

டெல்லியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோ கதையும் உங்களுக்கு உதவும்.

2011 பிப்ரவரியில் தனியார் நிறுவனம் ஓட்ட ஆரம்பித்தது. 2012 ஜூலையில் பாலத்தில் பேரிங் பழுது என்று நிறுத்தினார்கள், ஆறு மாதம் வண்டியே இல்லை. 2013 ஜூன் முடிவில் நிறுவனம் விலகிக்கொண்டது. ஜூலை 1 காலை டெல்லி மெட்ரோ கார்ப்பரேஷன் ஓட்டியது. பயணிகளுக்கு அன்று ஒரு தடங்கலும் இல்லை, அதைப் பாராட்ட வேண்டும். கட்டணத்தைக் குறைத்த பிறகு கூட்டமும் ஏறியது. ஆனால் வழக்கு? நடுவர் தீர்ப்பு, உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று 2024 ஏப்ரல் வரை இழுத்தது. பல ஆயிரம் கோடி நஷ்ட ஈடு யார் தலையில் என்பது பதினோரு வருடம் தொங்கியது. கடைசியில் மெட்ரோவுக்குச் சாதகமாக முடிந்தது.

குர்காவ் ரேபிட் மெட்ரோவும் அப்படித்தான். தனியார் கட்டி ஓட்டியது, 2019-ல் டெல்லி மெட்ரோ கைக்கு வந்தது.

நான் பார்த்தவரையில் தனியார் விலக முடியும். அரசு விலக முடியாது. ஒப்பந்தம் பேசும்போதே இரண்டு பக்கமும் இதைத் தெரிந்துகொண்டுதான் உட்காருகிறார்கள்.

நெல்லைக்காரன்_தாராவி

அண்ணாச்சிமார்களே, ரயிலுக்கு முன்னால் பஸ்ஸைப் பாருங்கள். ஜப்பான் வரை போக வேண்டாம், தாராவி டிப்போ போதும்.

மும்பை நகர பஸ் நிறுவனமான பெஸ்ட் சொந்த வண்டிகளைக் குறைத்துக்கொண்டே வந்து வாடகை வண்டிகளைக் கொண்டுவந்தது. வண்டியும் டிரைவரும் காண்ட்ராக்டருடையது, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பெஸ்ட் கொடுக்கும். 2019-ல் குறைந்தபட்சக் கட்டணத்தை 5 ரூபாயாக்கியபோது நாங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஏசி வண்டிகளும் வந்தன. பிறகு என்ன ஆயிற்று? 2022-ல் ஒரு காண்ட்ராக்டர் கட்டுப்படியாகவில்லை என்று வண்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். 2023 ஆகஸ்டில் காண்ட்ராக்ட் டிரைவர்கள் சம்பளம் போதவில்லை என்று வேலைநிறுத்தம் செய்தார்கள், ஒரு வாரம் ஊரே தவித்தது. 2025 மே மாதம் கட்டணம் 10 ரூபாய். சொந்த வண்டிகளும் குறைந்துபோனதால், காண்ட்ராக்டர் வராத அன்று அனுப்புவதற்கு டிப்போவில் வண்டி இல்லை.

என் அண்ணன் மகன் அப்படி ஒரு காண்ட்ராக்டரிடம் இரண்டு வருடம் வண்டி ஓட்டினான். பெயர் வேண்டாம். சம்பளம் மாதக் கடைசியில் வரும், சில மாதம் அடுத்த மாதப் பாதியில் வரும். பி.எப். பிடித்தார்கள், கட்டினார்களா என்று பார்க்கப் போனால் பாதிக்கு மேல் இல்லை. பெஸ்ட்டில் கேட்டால் காண்ட்ராக்டரைக் கேள் என்பார்கள், காண்ட்ராக்டர் பெஸ்ட் பணம் தரவில்லை என்பார். அவன் இப்போது தூத்துக்குடியில் லாரி ஓட்டுகிறான்.

ஒரு பஸ் நின்றால் ஷேர் டாக்ஸியில் போய்விடலாம். தினமும் 70 லட்சம் பேருக்கு மேல் ஏறுகிற லோக்கல் ஒரு நாள் நின்றால் எங்கே போவது?

வாஷி_வெங்கட்

அண்ணாச்சி, மனசு கஷ்டமாகிவிட்டது. பஸ் விஷயத்தை நான் இந்த அளவுக்கு யோசிக்கவில்லை. மெட்ரோ கட்டணம் பற்றி மீனா மேடம் சொன்னதும் சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் என் கட்சியை முழுதாக விடவும் முடியவில்லை. இப்போது இருப்பது மட்டும் சரியா? 2017 செப்டம்பர் 29, எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன் நடைபாலத்தில் 23 பேர் நசுங்கி இறந்தார்கள். அகலமான பாலம் வேண்டும் என்று அதற்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். கடைசியில் ராணுவம் வந்து சில மாதத்தில் புதுப் பாலம் கட்டிக் கொடுத்தது. ரயில்வே ஏன் அதை முன்பே செய்யவில்லை? அங்கே தனியார் யாரும் இல்லையே. மும்பையில் இருக்கிற அதிகாரிக்குப் பாலம் வேண்டும் என்று தெரியும், பணம் ஒதுக்குவது டெல்லி. யாருக்கும் தண்டனை கிடையாது.

லண்டனில் ஓவர்கிரவுண்ட் என்று ஒரு முறை இருக்கிறது. டிக்கெட் பணம் முழுவதும் நகரப் போக்குவரத்து ஆணையத்துக்குப் போகும். கட்டணம் வைப்பதும் அவர்கள்தான். கம்பெனிக்கு வண்டி ஓட்டியதற்கான கூலி மட்டும். தாமதமானால் பிடித்தம். அப்படிச் செய்தால் பாஸ் விலையில் கம்பெனி கை வைக்க முடியாது. அதை நாம் யோசிக்கலாம் இல்லையா?

செம்பூர்_மாணவி

நான் போக்குவரத்துத் திட்டமிடல் படிக்கிறேன். வெங்கட் சார் சொல்வது வேலை செய்யும் முறைதான், ஆனால் அது நடப்பதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. லண்டனில் பணமும் அதிகாரமும் உள்ள ஒரே ஆணையம் இருக்கிறது. அதே நாட்டில் 1990-களில் தண்டவாளத்தை ஒரு கம்பெனிக்கும் வண்டிகளைப் பல கம்பெனிகளுக்கும் பிரித்துக் கொடுத்தபோது, 2000-ல் ஹாட்ஃபீல்டில் விரிசல் விட்ட தண்டவாளத்தில் வண்டி தடம் புரண்டது. அடுத்த வருடமே தண்டவாளக் கம்பெனி நொடித்தது. இப்போது பயணிகள் ரயில்களையும் ஒவ்வொன்றாக அரசே திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது.

புவனோஸ் ஐரிஸில் 2012 பிப்ரவரியில் ஓன்ஸே ஸ்டேஷனில் வண்டி நிற்காமல் முட்டியதில் 51 பேர் இறந்தார்கள். தனியார் ஓட்டிய புறநகர் ரயில். கட்டணம் குறைவு, அரசு மானியம் கொடுத்தது, பராமரிப்பு நடக்கவில்லை. குறைந்த கட்டணம், மானியம், பழைய வண்டி, வழிகிற கூட்டம் என்று நம் ஊருக்கு மிக நெருங்கிய உதாரணம் அதுதான். படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

டோம்பிவிலி_பாஸ்ட்

மகளே, நல்ல இடத்தைத் தொட்டாய். மும்பையில் அந்த ஆணையம் எது? யாராவது சொல்லுங்கள்.

சிக்னல்காரர்_கல்யாண்

அப்படி ஒன்று இல்லை. அதுதான் நோயின் வேர்.

1999-ல் விகாஸ் கார்ப்பரேஷன் ஆரம்பித்தபோது ரயில்வே 51, மகாராஷ்டிர அரசு 49 சதவீதம். அது திட்டம் போடும், கட்டும், வண்டி வாங்கும். ஆனால் ஓட்டாது. ஓட்டுவது மத்திய ரயில்வேயும் மேற்கு ரயில்வேயும். அவர்களுக்கு லோக்கல் ஒரு பகுதி வேலைதான், சோலாப்பூரும் புசாவலும் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கின்றன. கட்டணம் டெல்லி. ஸ்டேஷனுக்கு வெளியே உள்ள நடைபாதை மாநகராட்சி. தண்டவாள ஓரக் குடிசை மாநில அரசு. விபத்து நடந்த மறுநாள் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவதை நான் உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன்.

2015-ல் ரயில்வே சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த பிபேக் தேப்ராய் குழு, புறநகர் ரயிலை மாநில அரசுகளோடு கூட்டு நிறுவனமாக்கித் தனியாக நடத்தலாம் என்று சொன்னது. கட்டணத்தைத் தீர்மானிக்கச் சுதந்திரமான ஒழுங்குமுறை ஆணையமும் கேட்டது. 2017-ல் மத்திய அமைச்சரவை அந்த ஆணையத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, காகிதத்தோடு நின்றது. 2020-ல் 151 தனியார் ரயில்கள் என்று அறிவித்தார்களே, டெண்டருக்கு இரண்டே பேர்தான் விலை கொடுத்தார்கள். அதில் ஒருவர் ஐஆர்சிடிசி, ரயில்வேயின் சொந்த நிறுவனம். திட்டம் அதோடு படுத்தது. தகராறு வந்தால் தீர்க்கிற நடுநிலையான ஆள் இல்லாத இடத்துக்கு முதலீட்டாளரும் வர மாட்டார் தம்பி.

வண்டி ஓட்டும் மோட்டர்மேன்களையும் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேன்களையும் குறை சொல்பவர்களுக்கு ஒன்று. மழையில் பாதை முழங்கால் தண்ணீரில் மூழ்கும்போது இடுப்பில் விளக்கோடு நடந்து பார்ப்பவன் கேங்மேன். அவனுக்கு மேலிருக்கிற அமைப்பை மாற்றுங்கள் என்பதுதான் என் வாதம்.

மீனாட்சி_முலுண்ட்

ஐயா, கதவு பற்றி ஒரு கேள்வி. ஏசி இல்லாத வண்டிக்கும் தானாக மூடும் கதவு வரும் என்றார்களே, இத்தனை நாள் ஏன் செய்யவில்லை?

சிக்னல்காரர்_கல்யாண்

இரண்டு காரணம் அம்மா. முதலாவது காற்று. ஒரு சதுர மீட்டரில் 14 பேர் வரை நிற்கிற டப்பாவில் கதவை மூடினால் மூச்சு முட்டும். அதனால்தான் மும்ப்ரா விபத்துக்குப் பிறகு, காற்று உள்ளே வர இடைவெளி விட்ட கதவும், கூரையிலிருந்து காற்றை உள்ளே தள்ளும் அமைப்பும் வைத்துச் செய்கிறார்கள். நாம் ஏறும் வண்டிகளில் பெரும்பகுதி நம் பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் செய்ததுதான், 2017-ல் ஓட ஆரம்பித்த முதல் ஏசி லோக்கலும் அங்கே செய்ததே. அவர்களால் முடியும்.

இரண்டாவது நேரம். லோக்கல் ஒரு ஸ்டேஷனில் நிற்பது 20, 30 விநாடி. சிஎஸ்எம்டியிலிருந்து கல்யாண் வரை ஸ்லோ வண்டிக்கு நடுவில் 24 நிறுத்தம். கதவு மூடக் கூடுதலாகப் பத்து விநாடி ஆனால் நான்கு நிமிடம் கூடுகிறது. பின்னால் வருகிற வண்டி எல்லாமே தள்ளும், ஒரு நாளைக்கு ஓடுகிற வண்டிகளில் சிலவற்றைக் குறைக்க வேண்டி வரும். புது சிக்னல் முறை வந்து இடைவெளி குறைந்தால்தான் இதை ஈடுகட்ட முடியும். அந்தச் செலவு ஆயிரக்கணக்கான கோடி, டிக்கெட் காசில் வராது. தனியாரோ அரசோ, அந்தப் பணத்தை அரசுதான் போட வேண்டும்.

வாஷி_வெங்கட்

அப்படியானால் 35 வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் எதிர்க்க வேண்டுமா ஐயா?

சிக்னல்காரர்_கல்யாண்

எதிர்க்க மாட்டேன். செய்தவனே பழுது பார்த்தால் மட்டமான பொருளைப் போட மாட்டான், அது நல்லது. ஆனால் காலையில் எத்தனை வண்டி ஓடத் தயாராக இருக்க வேண்டும், கதவு பழுதானால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும், செய்யாவிட்டால் எவ்வளவு பிடித்தம் என்பதை மாதாமாதம் ஸ்டேஷனில் எழுதிப் போட வேண்டும். ரயில்வேயின் சொந்தப் பணிமனை ஆட்களையும் கலைக்கக் கூடாது. கலைத்தால் அண்ணாச்சி சொன்ன டிப்போ நிலைமை நமக்கும் வரும்.

நெல்லைக்காரன்_தாராவி

ஐயா சொன்னதோடு இதையும் சேருங்கள்: காண்ட்ராக்ட் ஆளுக்குச் சம்பளம் வராவிட்டால் ரயில்வே நேரடியாகக் கொடுக்க வேண்டும்.

டோம்பிவிலி_பாஸ்ட்

சரி. இவ்வளவு பேசியதை வீணாக்க வேண்டாம். எங்கள் தொகுதி எம்.பி.க்கும் கல்யாண் பகுதிப் பயணிகள் சங்கத்துக்கும் ஒரு மனு எழுதப் போகிறேன். தனியார் வேண்டும், வேண்டாம் என்று அதில் எழுதப் போவதில்லை. மும்பைக்கு ஒரே ஆணையம், அதன் கூட்டத்தில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இடம், 15 தடவைக் கணக்கு மாறாமல் இருப்பது, பராமரிப்பு ஒப்பந்தத்தின் பிடித்தக் கணக்கை வெளியே காட்டுவது. அண்ணாச்சி சொன்ன சம்பள விஷயமும் கட்டாயம் இருக்கும். வெங்கட், லண்டன் முறையைப் பற்றி ஒரு பத்தி நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

மனு மராத்தியில் இருந்தால்தான் படிப்பார்கள். எனக்குப் பேச வரும், எழுத்து தடுமாறும். நன்றாக எழுதத் தெரிந்தவர் யாராவது உண்டா?

மீனாட்சி_முலுண்ட்

என் மகள் பத்தாவது வரை மராத்தி மீடியம். அனுப்புங்கள் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக், வீட்டில்தான் இருப்பாள்.